திரும்பி வரும் கலம்: கேர்பல் விளையாட்டுக்கு நம்பும்படியான ஒரு கப்சூல் செய்வது எப்படி

ரொக்கெட் கட்டி விண்வெளிக்கு ஏவுகிற கணினி விளையாட்டான கேர்பல் ஸ்பேஸ் புரோகிராமை விளையாடுகிற யாருக்கும் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வரும். விளையாட்டோடு வருகிற பாகங்கள் அலுத்துப்போய், தனக்கென்று ஒரு கப்சூல், அதாவது ஆட்கள் உட்கார்ந்து போய்த் திரும்பும் கலம், வேண்டும் என்று தோன்றும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ வீட்டில் இருக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு மிகக் கடினமான பகுதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மற்றப் பிரிவுக்காரர்களும் பயப்பட வேண்டாம், கல்குலேற்றர் தட்டத் தெரிந்தால் போதும்.

நான் சொல்வது முதலாவது கேர்பலைப் பற்றி. 2015இல் முழுப் பதிப்பாக வந்தது, கடைசிப் பெரிய பதிப்பு 1.12. இரண்டாவது விளையாட்டு 2023இல் அரைகுறையாக வெளிவந்து அப்படியே நின்றுவிட்டது. அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

மொடல் செய்ய ப்ளெண்டர், படம் வரைய கிரிற்றா அல்லது கிம்ப். மூன்றும் இலவசம். செய்ததை விளையாட்டுக்குள் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியின் 2019.4.18 பதிப்பும், கேர்பல் பாகங்கள் செய்ய அதில் ஏற்றுகிற பார்ட் டூல்ஸும். மற்றது, ப்ளெண்டரிலிருந்தே விளையாட்டின் மொடல் பைலை எழுதித் தருகிற அட்ஓன். யூனிட்டி பல ஜிபி இறங்கும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டொப் என்றால் அது திறக்கும்வரை தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். நம்மில் பலருக்கு அட்ஓன் வழிதான் சரி. பெரிய பைல்களை இரவு நேர டேட்டாவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ப்ளெண்டர் தானாகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி சேமிக்கும். அதை நம்பி இருக்காமல் கையாலும் அடிக்கடி சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடி மின்னலுக்கு நம் பக்கத்தில் மின்சாரம் சொல்லாமல் போகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ப்ளெண்டரைத் திறந்தவுடன் ஜன்னல், ஆணி, வயர், அன்ரெனா என்று சோடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். விளையாட்டில் ஏவினால் வளிமண்டலத்துக்குள் வரும்போது மூக்கு முன்னே திரும்பி எரிந்துபோகும். கப்சூலின் உருவத்தைத் தீர்மானிப்பது அது போகிற பயணம் அல்ல, திரும்பி வருகிற பயணம். ஆகவே முதல் கேள்வி: இது எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில் திரும்பி வரப்போகிறது?

பூமியைத் தாழ்வாகச் சுற்றும் கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் வேகத்தில் போகும். சந்திரனிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் 11 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே வந்தன. கூரான மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் சூடு குறையும் என்று நமக்குத் தோன்றும். 1950களின் தொடக்கத்தில், நாசாவுக்கு முன்னிருந்த நாகா அமைப்பில் வேலை செய்த ஹாரி ஜூலியன் ஆலன் இதற்கு நேர்மாறானதைக் காட்டினார். மழுங்கிய, அகலமான அடியோடு வரும் பொருளுக்கு முன்னால் காற்று நெருக்குண்டு, ஓர் அதிர்ச்சி அலை சற்றுத் தள்ளியே நிற்கும். வெப்பத்தில் பெரும்பங்கு அந்தக் காற்றோடு போய்விடும், கலத்துக்கு வருவது மிச்சம்தான். மேர்க்குரி முதல் ஓரையன் வரை அமெரிக்கக் கப்சூல்கள் எல்லாம் கவிழ்த்து வைத்த தயிர்ச் சட்டி மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சோவியத் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். ககாரின் போன வஸ்தொக் கலத்தின் ஆள் இருக்கும் பகுதி 2.3 மீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டை. உருண்டைக்கு எந்தப் பக்கம் முன் என்ற பிரச்சினை இல்லை, பாரமான பக்கம் தானாக முன்னே வரும். ஆனால் உருண்டையால் காற்றில் மிதந்து வர முடியாது, கல் விழுகிற மாதிரி விழும், உள்ளே இருப்பவர் 8 ஜி அளவு, அதாவது தன் எடையைப் போல எட்டு மடங்கு அழுத்தம், தாங்க வேண்டும். பின்னர் வந்த சோயுஸ் மணி வடிவத்துக்கு மாறியது. ஒழுங்காக இறங்கினால் அதில் 4 அல்லது 5 ஜிதான். 2008 ஏப்ரலில் சோயுஸ் டிஎம்ஏ-11 கோளாறு காரணமாக அப்படி இறங்க முடியாமல் நேராக விழுந்தபோது, உள்ளே இருந்தவர்கள் 8 ஜிக்கு மேல் அனுபவித்தார்கள். தரை தொட்ட இடமும் குறித்த இடத்திலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி.

முதல் கப்சூலுக்கு நான் சொல்வது சட்டி வடிவம். உருண்டை செய்வது சுகம், ஆனால் அதில் படிக்க அதிகம் கிடைக்காது.

அளவு: 64 வீதம்

விளையாட்டிலுள்ள கேர்பின் கிரகத்தின் ஆரை 600 கிலோமீற்றர். பூமியினது 6371. கேர்பல்களும் முக்கால் மீற்றர் உயரமுள்ள குட்டி ஆட்கள். அதனால் உண்மை அளவில் கப்சூல் செய்தால் விளையாட்டின் மற்றப் பாகங்களோடு பொருந்தாது. மொட், அதாவது விளையாட்டுக்கு மற்றவர்கள் செய்து சேர்க்கிற பாகங்கள், செய்கிறவர்கள் வழக்கமாக உண்மை அளவை 0.64ஆல் பெருக்குவார்கள். அப்பல்லோவின் விட்டம் 3.91 மீற்றர், பெருக்கினால் 2.5 வரும். விளையாட்டிலுள்ள மூன்று பேர் கப்சூலின் விட்டமும் அதேதான். கிரகங்களை உண்மை அளவுக்கு மாற்றும் ரியல் சோலார் சிஸ்டம் மொட் போட்டு விளையாடுகிறவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் உண்மை அளவிலேயே செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

மாதிரிக்கு எதை எடுக்கலாம்? அப்பல்லோவை ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். இஸ்ரோ 2014 டிசம்பர் 18ஆம் திகதி கேர் என்ற பெயரில் ஆளில்லாத கப்சூல் ஒன்றைச் சோதித்தது. விட்டம் 3.1 மீற்றர், உயரம் 2.67 மீற்றர், திணிவு 3.7 தொன் அளவு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பி 126 கிலோமீற்றர் உயரம் போய், பரசூட்டில் வங்கக் கடலில் விழுந்தது. நாம் கல்லடிக் கடற்கரையில் கால் நனைக்கிற அதே கடல்தான், அந்தமான் பக்கம். நமக்கு இதை விடப் பொருத்தமான மாதிரி எது? 3.1ஐ 0.64ஆல் பெருக்கினால் 1.98 வரும். அதற்குக் கிட்டவாக விளையாட்டின் மேக்கிங் ஹிஸ்டரி என்ற கூடுதல் தொகுப்பில் 1.875 மீற்றர் அளவு இருக்கிறது. அதை எடுப்போம். இரண்டு கேர்பல் இருக்கலாம். மற்ற அளவுகளை கேரைப் பார்த்துப் பிரதி எடுக்காமல் நாமே வகுப்போம்.

கொப்பியில் முதலில் வரையுங்கள்

ப்ளெண்டரைத் திறக்காதீர்கள். சதுரக் கட்டக் கொப்பியில் பக்கத்தோற்றத்தை வரையுங்கள். அடி ஆரை 0.9375 மீற்றர். மேல் ஆரை 0.3125, அதாவது விளையாட்டின் 0.625 மீற்றர் பரசூட் அதில் சரியாக உட்காரும். கூம்புப் பகுதியின் உயரம் 1.25. அப்போது பக்கச் சுவர் நிலைக்குத்திலிருந்து 26.6 பாகை சாயும். அப்பல்லோவில் இது 33 பாகைக்குக் கிட்ட, சோயுஸில் வெறும் 7. சாய்வு கூடினால் பக்கச் சுவரில் சூடான காற்று படுவது குறையும், ஆனால் உள்ளே இடமும் குறையும். 26 பாகை நல்ல நடு.

அடுத்தது அடிப்பக்கம். இதைத் தட்டையாக விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கமான குறை. உண்மைக் கலங்களில் அது ஒரு பெரிய கோளத்திலிருந்து வெட்டிய மூடி. அப்பல்லோவில் அந்தக் கோளத்தின் ஆரை 4.69 மீற்றர், விட்டத்தின் 1.2 மடங்கு. நமக்கு 1.2 × 1.875 = 2.25 மீற்றர். கணக்குப் பார்த்தால் அடி 20 சென்ரிமீற்றர் புடைத்து நிற்கும். அடியும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பையும் கூராக விடக் கூடாது, சூடு அங்கேதான் குவியும். அப்பல்லோவின் விளிம்பு வளைவு ஆரை 0.196 மீற்றர், விட்டத்தின் 5 வீதம். நமக்கு ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். இந்த விளிம்பு வளைவு ஒன்றே பார்க்கிறவருக்கு “இது உண்மையான கலம்” என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும். நூறு ஆணி வரைந்தாலும் அது வராது.

திணிவு மையம்

இங்கேதான் இணைந்த கணிதக்காரர் சிரிக்கலாம். திண்மக் கூம்பின் திணிவு மையம் அடியிலிருந்து உயரத்தின் நாலில் ஒன்று, பொள் கூம்புக்கு மூன்றில் ஒன்று என்று பாடமாக்கியது இப்போது உதவப்போகிறது.

நம் கலம் உச்சி வெட்டிய கூம்பு. முழுதும் ஒரே அடர்த்தி என்று எடுத்துக் கணித்தால் மையம் அடி விளிம்பிலிருந்து 43 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும். உண்மைக் கலத்தில் அடர்த்தி ஒரே மாதிரி இருக்காது. வெப்பக் கவசம், பற்றரி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் கீழே, பரசூட் மட்டும் மேலே. அதனால் மையத்தை 30 முதல் 35 சென்ரிமீற்றரில் வைப்பது நியாயம். எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கலம் அடியை முன்னே வைத்து உறுதியாக நிற்கும்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1969 ஜனவரியில் சோயுஸ் 5 திரும்பி வந்தபோது பின்னாலுள்ள கருவிப் பகுதி பிரியவில்லை. அந்தப் பாரத்தோடு சேர்ந்ததால் திணிவு மையம் மாறி, கவசம் இல்லாத மூக்குப் பக்கம் முன்னே வந்தது. உள்ளே தனியாக இருந்தவர் போரிஸ் வொலினொவ். கதவின் ஓரம் உருகிப் புகை வரத் தொடங்கிய நேரத்தில் இணைப்புகள் எரிந்து முறிந்து, கருவிப் பகுதி கழன்றது. யாரும் எதையும் இயக்காமலே கலம் தானாகச் சுழன்று கவசத்தை முன்னே கொண்டுவந்தது. தரையில் மோதியதில் அவருக்குப் பல் உடைந்தது, உயிர் தப்பியது. அவரைக் காப்பாற்றியது வடிவமும் திணிவு மையமும்தான்.

இன்னொரு நுணுக்கம். மையத்தை நடு அச்சிலிருந்து சற்றுப் பக்கமாகத் தள்ளினால் கலம் சாய்ந்தபடி வரும், சாய்ந்தால் காற்று அதைக் கொஞ்சம் தூக்கும். அப்பல்லோவுக்கு இப்படிக் கிடைத்த தூக்கல் இழுவையின் 0.3 பங்கு அளவு. கலத்தை உருட்டுவதால் அந்தத் தூக்கலை மேலேயோ பக்கமாகவோ திருப்பி, விழும் இடத்தைத் தெரிவுசெய்தார்கள். நம் கப்சூலுக்கு 5 சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம் திணிவு. மேலே சொன்ன அளவுகளின் கனவளவு 1.95 கன மீற்றர். கடல் நீர் கன மீற்றருக்கு 1025 கிலோ. ஆகவே 2 தொன்னைத் தொட்டால் உண்மைக் கடலில் இது தாழும். 1.5 தொன் வையுங்கள். மிதக்கும், மற்றப் பாகங்களோடும் ஒத்துப்போகும்.

இப்போது ப்ளெண்டர்

பக்கத்தோற்றத்தின் பாதியை மட்டும் புள்ளி வைத்து வரைந்து, ஸ்பின் கருவியால் அச்சைச் சுற்றிச் சுழற்றுங்கள். எத்தனை பக்கம் என்று கேட்கும். 4ஆல் வகுபடும் எண்ணாக, 32 போதும். ஜன்னலும் கதவும் வெட்டும் இடத்தில் மட்டும் மெஷ்ஷை, அதாவது உருவத்தை ஆக்கும் கோட்டு வலையை, நெருக்கமாக்குங்கள். செய்து முடித்ததும் அளவுத் திருத்தங்களை அப்ளை பண்ண மறக்காதீர்கள். முகங்கள் வெளிப்பக்கம் பார்க்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஃபேஸ் ஓரியன்டேஷன் போட்டால் வெளிமுகம் நீலமாகவும் உள்முகம் சிவப்பாகவும் தெரியும். சிவப்பு தெரிகிற இடம் விளையாட்டில் ஓட்டையாக இருக்கும்.

ஜன்னலைச் சும்மா அழகுக்கு வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். அப்பல்லோவில் ஐந்து: மற்றக் கலத்தோடு இணையும்போது முன்னே பார்க்க இரண்டு, பக்கத்தில் இரண்டு, கதவில் ஒன்று. 1961இல் அலன் ஷெப்பர்ட் போன மேர்க்குரிக் கலத்தில் இரண்டு சின்ன வட்டத் துளைகளும் ஒரு பெரிஸ்கோப்பும்தான். விண்வெளி வீரர்கள் விடாமல் கேட்டதால் அடுத்த கலத்தில் ஒழுங்கான ஜன்னல் வந்தது. நம் இரண்டு பேருக்கு இணைப்பைப் பார்க்க இரண்டு முன் ஜன்னல், கதவில் ஒன்று போதும். கண்ணாடியைச் சுவரைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி வையுங்கள். சுவருக்குத் தடிப்பு இருப்பதாக அதனால்தான் தெரியும்.

திசை திருப்பும் சிறு இயந்திரங்களும் அப்படித்தான். அப்பல்லோக் கப்சூலில் 12, ஆறு ஆறாக இரண்டு தனித் தொகுதிகள். ஒன்று பழுதானாலும் மற்றது கலத்தைத் திருப்பும். நாம் ஆறோடு நிறுத்தலாம். வாய்கள் சுவரோடு சமமாக இருக்கட்டும், வெளியே நீட்டினால் இறங்கும்போது எரிந்துவிடும்.

நிறமும் கரியும்

யூவி விரிக்கும்போது, அதாவது படம் ஒட்டுவதற்காக மொடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரிக்கும்போது, பக்கச் சுவருக்கு அதிக இடம் கொடுங்கள், அடிக்குக் குறைவாக. விளையாடுகிறவர் அடியைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். பாதியைக் கண்ணாடி விம்பமாக மடித்தால் இடம் மிச்சம், ஆனால் எழுத்து உள்ள பகுதியை மடிக்காதீர்கள், மறுபக்கம் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி நிற்கும்.

படத்தின் அளவு 1024 போதும். டிடிஎஸ் வகையில் சேமியுங்கள், பிஎன்ஜியை விட மிகக் குறைந்த நினைவகம் எடுக்கும். டிடிஎஸ் ஆக்கும்போது படத்தை மேல்கீழாகப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டில் தாறுமாறாகத் தெரியும். பளபளப்பைப் படத்தில் நிறங்களோடு சேர்ந்து வரும் அல்ஃபா என்ற கறுப்பு வெள்ளை அடுக்கு தீர்மானிக்கும், வெள்ளை என்றால் மின்னும், கறுப்பென்றால் மங்கும்.

எல்லாக் கலமும் வெள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். அப்பல்லோக் கப்சூல் வெள்ளி நிறத் தகடு ஒட்டியபடி போய், கரிந்த பழுப்பு நிறத்தில் திரும்பி வந்தது. போகும் கலத்தைச் செய்கிறீர்கள், அதனால் கரியைக் கண்டபடி அப்பாதீர்கள். கவசத்தின் பலகை இணைப்புகள், கதவைச் சுற்றிய கோடு, இயந்திர வாய்களின் ஓரம் ஆகியவற்றில் லேசான கருமை போதும். நாசாவின் படங்களைப் பார்த்து வரையலாம். சின்னங்களை ஒட்டுவது வேறு விஷயம், அதற்குக் கட்டுப்பாடு உண்டு. மீன் படம் போட்டு உங்கள் சொந்தச் சின்னத்தை வரையுங்களேன். மீன்பாடும் தேன்நாட்டுக்காரருக்கு அது பொருத்தம்தானே.

கொலைடரும் கதவும்

விளையாட்டு மோதலைக் கணிப்பது நீங்கள் செய்த அழகான மெஷ்ஷை வைத்து அல்ல. கொலைடர் என்ற எளிய உருவத்தைத் தனியாகச் செய்ய வேண்டும். அது குழி விழாத வடிவமாக, 255 முக்கோணத்துக்குள் இருக்க வேண்டும். 16 பக்கக் கூம்பு ஒன்று போதும். கேர்பல் வெளியே வரும் இடத்தில் ஒரு சிறு பெட்டியை வைத்து, அதை டிரிகராக்கி, அதாவது மோதாமல் தொடுவதை மட்டும் உணரும்படி செய்து, ஏர்லொக் என்ற டேக் கொடுங்கள். பிடித்து ஏறும் கம்பிக்கு லடர் என்ற டேக். கதவு மறிக்கப்பட்டிருக்கிறது என்று விளையாட்டு சொன்னால், கதவுக்கு முன்னால் ஏதோ கொலைடர் நிற்கிறது என்று பொருள்.

எழுத்துப் பைல்

விளையாட்டின் கேம்டேட்டா போல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு போல்டர், அதற்குள் மொடல், படம், பாகத்தின் விவரங்களை எழுதும் சிஎஃப்ஜி பைல். சிஎஃப்ஜியை வெறுமையிலிருந்து எழுதாதீர்கள். விளையாட்டோடு வரும் பாகங்கள் இருக்கிற ஸ்குவாட் போல்டரில் உள்ள ஒரு கப்சூலின் பைலைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றித் திருத்துங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில. ரீஸ்கேல்ஃபெக்டர் என்ற வரியில் 1 என்று எழுத வேண்டும். அந்த வரியை விட்டுவிட்டால் விளையாட்டு தானாக 1.25ஆல் பெருக்கிவிடும், கலம் ஏன் பெரிதாகிறது என்று தலையைப் பிய்ப்பீர்கள். மாஸ் என்ற இடத்தில் தொன்னில் எழுதுங்கள், நமக்கு 1.5. சிஓஎம்ஓஃப்செட் என்பதுதான் நாம் கணித்த திணிவு மையம். மொடலின் பூச்சியப் புள்ளி கூம்பின் நடுவில், அதாவது விளிம்பிலிருந்து 62.5 சென்ரிமீற்றரில் இருக்கிறது என்றால், 33 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவர வை அச்சில் −0.295 போட வேண்டும். சிஓபிஓஃப்செட் காற்றின் இழுவை தாக்கும் இடம். அது மேலே இருந்தால் அடிப்பக்கம் முன்னே வரும். வெப்பம் தாங்கும் எண்களைப் பிரதி எடுத்த கப்சூலில் உள்ளபடியே விடுங்கள். கூட்டினால் கவசமே தேவைப்படாது, அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு? உள்ளறையையும் இப்போதைக்கு விளையாட்டினுடையதையே பயன்படுத்துங்கள். அதைச் செய்வது இன்னொரு மொட் செய்வதற்குச் சமம்.

சோதனை

விளையாட்டின் முழுப் போல்டரையும் வேறிடத்தில் பிரதி எடுத்து, மற்ற மொட்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் போடுங்கள். சீக்கிரம் திறக்கும். ஆல்ட்டும் எஃப்12ம் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் கலத்தை நேரடியாகச் சுற்றுப்பாதையில் வைக்கலாம், ஒவ்வொரு தடவையும் ரொக்கெட் கட்டி ஏவத் தேவையில்லை. சிஎஃப்ஜியைத் திருத்தினால் அதே பட்டியலில் டேட்டாபேஸ் பகுதியில் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

கலத்தைத் தானாக நிலைநிறுத்தும் எஸ்ஏஎஸ்ஸை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே மூக்கை முன்னே வைத்து உள்ளே விடுங்கள். வொலினொவின் கலம் போல அது தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் திணிவு மையத்தை இன்னும் 3 சென்ரிமீற்றர் கீழே இறக்குங்கள், அல்லது சிஓபியை மேலே தள்ளுங்கள். திரும்பியும் ஊசலாடிக்கொண்டே இருந்தால் பக்கத் தள்ளலைக் குறையுங்கள். எஃப்12 அழுத்தினால் காற்றின் விசை அம்புகளாகத் தெரியும், எஃப்11 அழுத்தினால் எந்தப் பாகம் எவ்வளவு சூடு என்று நிறத்தில் தெரியும். ஏதாவது பாகமே பட்டியலில் வரவில்லை என்றால் கேஎஸ்பி லொக் பைலைத் திறந்து உங்கள் பாகத்தின் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் ஓர் அடைப்புக்குறி குறைந்திருக்கும்.

கடைசிச் சோதனை பரசூட். கடலில் இறக்கிப் பாருங்கள், தரையிலும் இறக்கிப் பாருங்கள். 1971 ஓகஸ்டில் அப்பல்லோ 15 மூன்று பரசூட்டில் ஒன்று சுருங்கிப்போய் இரண்டோடு இறங்கியது, மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கலமும் குறைந்த பரசூட்டோடு தாங்குகிறதா என்று பார்க்கலாம்.

மற்றவர்களுக்குக் கொடுப்பதென்றால் கேம்டேட்டா போல்டரோடு சேர்த்து ஸிப் செய்யுங்கள். உள்ளே உரிமம் என்ன என்று எழுதிய பைல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், உரிமம் எழுதாத மொட் ஒன்றை வேறு யாரும் சட்டப்படி திருத்தவோ பகிரவோ முடியாது. விளையாட்டின் சொந்தப் படங்களையோ மொடல்களையோ உங்கள் ஸிப்புக்குள் போடாதீர்கள். அவற்றை சிஎஃப்ஜியில் பாதை காட்டி அழைத்தால் போதும்.